அசல்ல இருந்து எடு

அக். 22, புதன்

விடிந்ததில் இருந்து மழை. துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. தீபாவளி வெடியில் பாதி நமத்துப்போய்ப் பரண்மேல். மரவேலைச் செட்டுக்குப் போகிற வழியில் இலஞ்சி ரோட்டில் ஒரு லாரி சேற்றை வாரி அடித்தது. சேலை போச்சு.

இன்று செய்ய வேண்டியவை: டீச்சர் வீட்டு வாசல் நிலை, மேல்சட்டம் முடிக்க. செதுக்குகிற பிட் இரண்டு வாங்க. கரண்டு பில்.
செய்தது: ஒன்றும் இல்லை.

காலையில் மரம் செதுக்குகிற கம்ப்யூட்டர் மெஷின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தேக்குச் சட்டத்தில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யானை. இடது யானை முழுசாக வந்துவிட்டது. வலது யானைக்குக் காது வந்தது, கண் வந்தது, தும்பிக்கை தொடங்கும்போது கம்ப்யூட்டர் திரை உறைந்து நின்றது. பிட் மரத்துக்கு மேலே அந்தரத்தில் சுற்றிக்கொண்டே. கம்ப்யூட்டர் டப்பாவுக்குள் டக், டக் என்று சத்தம்.

மெஷினை ஓட்டுகிற எபனேசர் டப்பாவில் காதை வைத்துக் கேட்டான். "அக்கா, உள்ள பல்லி ஏதும் மாட்டிக்கிட்டோ என்னமோ."

பல்லி இல்லை. ஹார்ட் டிஸ்க். கல்யாணத்துக்கு முந்தி கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தவள் நான், அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா. சாகப்போகிற டிஸ்க் போடுகிற சத்தம்.

அணைத்துப் போட்டோம். வரவில்லை. மறுபடி அணைத்துப் போட்டோம். கடைசியில் முக்கி முனகி ஏறியது. உடனே முடிவு எடுத்தேன்: இனி இந்த டிஸ்கை நம்பி ஒரு கோடுகூடச் செதுக்குவதில்லை. முதலில் இதை அப்படியே இன்னொரு டிஸ்கில் குளோன் எடுக்க வேண்டும். மாற்றிப் போட்டால் கம்ப்யூட்டருக்கே வித்தியாசம் தெரியக் கூடாது, அதே மாதிரி கிளம்ப வேண்டும்.

ஏனென்றால் மெஷினை ஓட்டுகிற சாஃப்ட்வேரை விற்ற கம்பெனி எப்போதோ மூடியாச்சு. சிடி இல்லை, சாவி எண் இல்லை, கேட்க ஒரு ஆள் இல்லை. இந்த டிஸ்க் போனால் இவ்வளவு பெரிய மெஷின் வெறும் இரும்பு.

எபிக்குப் புரியவில்லை. "டிசைன எல்லாம் பென்டிரைவ்ல போட்டு வச்சா போதாதா அக்கா?"

"வீட்டுச் சாமான லாரில ஏத்திட்டா வீடு வந்திருமா எபி? அடுப்பு, வாசல், பூட்டுச் சாவி எல்லாம் வேணும்லா."

"அப்ப வீட்டையே பேத்து எடுக்கணுங்கிய."

அதேதான்.

எபியிடம் கண்டிப்பாகச் சொன்னது: மரத்தை மெஷின் மேசையில் இருந்து கழற்றவே கூடாது. எடுத்தால் மறுபடி அதே புள்ளியில் வைக்க முடியாது. தும்பிக்கை ஒரு நூல் தள்ளி முளைக்கும்.

சாயந்தரம் பெரியத்தான் வந்தார். என் வீட்டுக்காரருக்கு அண்ணன், உரக்கடை வைத்திருக்கிறார், செட் அவர் பெயரில். மெஷின் சத்தம் இல்லை என்றால் அவர் காதுக்கு எப்படியோ எட்டிவிடும்.

"என்னம்மா, இன்னைக்கும் லீவா?"

சொன்னேன். பாதிக்கு மேல் கேட்கவில்லை. புளியங்குடி எலுமிச்சை கமிஷன் கடைக்காரர் ஒருவர் செட்டைக் குடோனுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

"இங்க பாரும்மா. அந்த டீச்சர் வீட்டு நிலைய நேரத்துக்குக் குடுத்துட்டா எனக்கு ஒரு பேச்சும் இல்ல. குடுக்கலன்னா மெஷின இரும்புக்குப் போட்டுட்டு செட்ட ஒழிச்சுக் குடுத்துரணும். எத்தன தடவதான் பாக்குதது நானும்."

நிலை வைப்பு 30ஆம் தேதி காலையில். நாள் குறித்து, ஊரைக் கூப்பிட்டாச்சு. அது தள்ளிப்போகிற விஷயம் இல்லை.

இவர் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தார். செங்கோட்டை மரக் கடைகளில் மலையாளத்தானோடு மல்லுக்கு நிற்கிற மனுஷன், அண்ணன் முன்னால் வாயைத் திறக்க மாட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ராத்திரி தோசைக்குச் சட்னி அரைக்கவில்லை. பொடி.


அக். 23, வியாழன்

மழை விட்டது. மலைமேல் மட்டும் கருப்பு.

தென்காசியில் கம்ப்யூட்டர் கடை. எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று, வெளியில் இருந்து மாட்டுகிற ஒயர் ஒன்று. பழைய டிஸ்க் அளவுக்குப் பெரியது கடையில் இல்லை, சின்னதுதான் இருந்தது. பரவாயில்லை என்று வாங்கிவிட்டேன். அந்தப் பரவாயில்லைதான் பின்னால் வினையாக வந்தது.

கடையில் நின்ற ஒருவர் ஆலோசனை: "மேடம், எல்லாத்தையும் கிளவுட்ல போட்ருங்க." கிளவுட் எல்லாம் மலைமேல் நிற்கிறது, மழையாக வரும் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

குளோன் போடுகிற சாஃப்ட்வேரைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பினேன். பழைய டிஸ்கில் இருப்பதைப் பெட்டி பெட்டியாகக் காட்டியது. முன்னால் பெயரே இல்லாத ஒரு துண்டுப் பெட்டி. அப்புறம் சி. அப்புறம் டி, அதில் எபியின் கிறிஸ்துமஸ் பாட்டுகளும் யாருடையதோ கல்யாண வீடியோவும். எல்லாம் சேர்ந்தால் புது டிஸ்கில் கொள்ளாது. சி-க்கு மட்டும் டிக் அடித்தேன். எபி பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

மெதுவாக ஓடியது. கெட்டுப்போன இடம் வரும்போதெல்லாம் அப்படியே நின்றுவிடும், டக் டக் என்று அடித்துக்கொள்ளும், அப்புறம் தாண்டிப் போகும். ஒவ்வொரு தடவையும் எனக்கும் மூச்சு நின்று வந்தது.

மத்தியானம் இவர் எட்டிப் பார்த்தார்.

"காப்பி ஆச்சா?"

"நாப்பது பெர்சன்ட்தான் ஆயிருக்கு."

"அப்ப பாலு மட்டும் காஞ்சிருக்குன்னு சொல்லுத."

எபி சிரித்த சிரிப்பில் மூலையில் தூங்கிய பூனை எழுந்து ஓடியது. நானும் சிரித்தேன். நேற்றில் இருந்து இந்த மனுஷன்மேல் இருந்த கோபம் அதோடு போச்சு.

சாயந்தரம் முடிந்தது. நூறு. புது டிஸ்கில் தாள் ஒட்டி "நகல் 1" என்று எழுதினேன், எழுத்து அழகாகவே வந்தது. பழையதைக் கழற்றி இதை மாட்டிப் போட்டேன்.

கருப்புத் திரை. மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மினுக் மினுக்கென்று. அவ்வளவுதான். கிளம்பவே இல்லை.

பழையதையே மாட்டினேன். டக் டக்கோடு அது வந்தது. சாகக் கிடப்பது எழுந்து உட்காருகிறது, புதுசு படுத்துக் கிடக்கிறது. அழுகையாக வந்தது.


அக். 24, வெள்ளி

தலை குளித்து, விளக்கேற்றி, பூ வைக்க மறந்துவிட்டேன்.

வெண்டைக்காய் நறுக்கும்போது விளங்கிவிட்டது. அந்தப் பெயரில்லாத துண்டு! அதை வேண்டாம் என்று விட்டேனே, விண்டோஸ் கிளம்புவதற்கான வழி அதற்குள்தான் இருக்கிறது. கண்ணுக்குக் காட்டாமல் ஒளித்து வைத்திருப்பார்கள். பாடமாக நடத்தியிருக்கிறேன், பரீட்சையில் கேள்வியாகக்கூடக் கேட்டிருக்கிறேன். வீட்டைப் பேர்த்து எடுத்தவள் வாசலை மட்டும் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஆக, பெரிய டிஸ்க் வேண்டும், எல்லாப் பெட்டியையும் சேர்த்து எடுக்க வேண்டும். கடைக்காரருக்குப் போன். திருநெல்வேலியில் இருந்து நாளைக்கு வரவழைத்துத் தருவார். நகல் 1-ஐ அழிக்காமல் அப்படியே வைத்திருப்பது என்றும் முடிவு. கிளம்பாவிட்டாலும் உள்ளே சரக்கு இருக்கிறது.

பழைய டிஸ்கை அதுவரை தொடுவதில்லை. மெஷின் சும்மா.

டீச்சர் வந்தார்கள். குத்துக்கல்வலசையில் புது பிளாட்டில் வீடு கட்டுகிறார்கள். கணக்கு டீச்சர், ஓய்வுபெற்றும் பிரம்பு கையில் இருக்கிற மாதிரியே நடை. மேசைமேல் கிடந்த சட்டத்தை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்கள்.

"சாந்தி, ஒரு யானைக்குத்தானே தும்பிக்க இருக்கு."

"அது வந்துரும் டீச்சர்."

"நிலை வைக்கிற அன்னைக்கு எந்த யானையப் பாத்து நான் கும்புடுதது? முழு யானையவா, முக்கா யானையவா?"

"புதன்கிழமை வண்டியில ஏத்தி அனுப்புதேன் டீச்சர். என்ன நம்புங்க."

"ஒன்ன நம்பித்தான் ஒங்கிட்ட குடுத்தேன். மெஷின நம்பி இல்ல."

போய்விட்டார்கள். அந்தச் சொல் நாள் முழுக்க நெஞ்சிலேயே கிடந்தது. திட்டியிருந்தால்கூட இவ்வளவு கனத்திருக்காது.


அக். 25, சனி

இடி மின்னல். கரண்டு வருவதும் போவதும். டிஸ்க் சாயந்தரம்தான் வந்தது. இந்தக் கரண்டில் குளோன் போட்டால் பாதியில் அறுந்துவிடும், போடவில்லை.

ராயகிரியில் இருந்து மதினி குடும்பம் வந்திறங்கியிருக்கிறது. இவருக்கு அக்கா. தீபாவளிக்கு வர முடியாததால் இப்போது. நாளைக்குக் குற்றாலம் போயே ஆக வேண்டுமாம். நான் வரவில்லை என்றேன். மதினி முகம் சுருங்கியது. "எங்களோட வாறதுன்னா அவளுக்கு என்னைக்குமே கசப்புதான்" என்று அடுப்படியில் மெதுவாக, எனக்குக் கேட்கிற அளவுக்கு.

எபி சொன்னான்: "நீங்க போங்க அக்கா. ஆராதனை முடிஞ்சு நான் வந்து போட்டுவிடுதேன். வியாழக்கிழம பாத்தேம்லா. சந்தேகம்னா போன் போடுதேன்."

சரி என்றேன். என் புத்தியை என்ன சொல்ல.


அக். 26, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பளிச்சென்று வெயில். பேரருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. ஐந்தருவிக்குப் போனோம். பெண்கள் பக்கம் ஈ புக இடமில்லை. நகல் 1 என் கைப்பையில், சிப்ஸ் கவரில் சுற்றி. செட்டில் ஒன்று இருந்தால் இன்னொன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பது நான் நடத்திய பாடம். மதினி ஈரத் துண்டை அந்தப் பைக்குள் திணிக்க வந்தார்கள். பையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். "அப்படி என்ன இருக்கு அதுல, நகையா?" என்றார்கள். நகையாக இருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

குளித்துவிட்டு சிப்ஸ் கடை ஓரம் நிற்கும்போது எபி போன். அருவிச் சத்தம், மைக்கில் போலீஸ் சத்தம், எண்ணெய் சொய்யென்று கொதிக்கிற சத்தம்.

"அக்கா, ரெண்டு டிஸ்க்கையும் காட்டுது. எதுல இருந்து எடுக்கன்னு கேக்கு."

"அசல்ல இருந்து எடு எபி."

"அசல்ல இருந்தா?"

"ஆமா, அசல்ல இருந்து. எல்லாம் அழியும்னு ஒரு எச்சரிக்க வரும். பயப்படாத, ஆமான்னு அமுக்கு."

சாயந்தரம் நேராகச் செட்டுக்குப் போனேன். எபி வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றான்.

"நீங்கதான் பயமுறுத்திட்டிய அக்கா. ரொம்ப சீக்கிரம் முடிஞ்சிட்டு. ஒரு வாய் டீ குடிக்கதுக்குள்ள முடிஞ்சிட்டுன்னா பாத்துக்கிடுங்க."

வியாழக்கிழமை சாயந்தரம் வரை ஓடிய வேலை, ஒரு டீக்குள் முடியுமா? காலியான டிஸ்கில் இருந்து எடுத்தால்தான் அப்படி முடியும்.

காலி டிஸ்கைத்தான் எடுத்திருக்கிறான். வெறுமையை அப்படியே பழைய டிஸ்குக்குக் குளோன் போட்டிருக்கிறான். பழைய டிஸ்கைத் தட்டிப் பார்த்தேன், கழற்றி மாட்டிப் பார்த்தேன். அதோடு அது டக் டக்கையும் நிறுத்திக்கொண்டது. திரையில் பெயரே வரவில்லை.

"எபி. அசல்ல இருந்துன்னுதானேடா சொன்னேன்."

"அசல்ல இருந்துதான் அக்கா எடுத்தேன்."

"உள்ள கிடக்கதுதான் அசலு."

முழித்தான். "உள்ள கிடக்கது எப்படிக்கா அசலாவும்? அது நம்மளதுல்லா. வெளிய ஒயர்ல தொங்குதே, புதுசா வந்தது, அதத்தானே அசல்னு சொல்லுவோம். எங்க தங்கச்சிய அசல்லதான குடுத்திருக்கு. நீங்ககூட இந்த வீட்டுக்கு அசல்தானே."

மூலப் பிரதியை அசல் என்று சொல்வது பள்ளிக்கூடத்துப் புத்தி. இங்கே அசல் என்றால் சொந்தம் இல்லாதது, வெளியில் இருந்து வந்தது. பெண் சொந்தத்திலா அசலிலா என்று கேட்காத கல்யாண வீடு உண்டா? இருபது வருஷமாக இந்த வீட்டில் என்னைச் சொல்கிற சொல்லே அதுதான். அதைப் போய் நானே மறந்து, அந்தச் சொல்லாலேயே எல்லாவற்றையும் அழித்திருக்கிறேன்.

எபி மெஷின் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதான். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. கேட்டது அவன், சொன்னது நான், இரண்டு பேரும் சரியாகத்தான் பேசியிருக்கிறோம்.

மிச்சம் இருப்பது சிப்ஸ் கவரில் ஒன்று. கிளம்பாத ஒன்று. அதுவும் போனால் டீச்சர் நிலை இல்லை, மெஷின் இல்லை, செட் இல்லை.

பெரியத்தானிடம் யாரும் வாய் திறக்கவில்லை. இவர் மட்டும் சொன்னார், "நீ படிச்சவ, யோசி. நான் மதினிய பஸ் ஏத்திட்டு வாறேன்." அக்காவை மதினி என்கிறார், அவரும் குழம்பித்தான் இருக்கிறார்.


அக். 27, திங்கள்

தூறல். வீட்டில் காப்பித்தூள் தீர்ந்துபோச்சு. கவனிக்க நேரமில்லை.

காலையில் வீட்டு லேப்டாப்பில் விண்டோஸ் 7 பென்டிரைவ் தயார் செய்தேன். திட்டம் இதுதான்: நகல் 1-இல் வீடு முழுசாக இருக்கிறது, வாசல்தான் இல்லை. பழைய வாசலைத் தேடுவதை விட்டுவிட்டு, அதே வீட்டில் புது வாசல் ஒன்று வைப்பது. அதாவது சி-யையே கிளம்புகிற இடம் என்று குறித்து, கிளம்புவதற்கான கோப்புகளை அதற்குள் எழுதிவிடுவது. செய்து பார்த்ததில்லை. போர்டில் எழுதிப் போட்டிருக்கிறேன்.

செட்டில் எபி எனக்கு முந்தி வந்து நின்றான். கண் வீங்கியிருந்தது. சாப்பிட்டாயா என்றேன். இல்லை. முதலில் இரண்டு பேருக்கும் இட்லி வாங்கி வரச் சொன்னேன், வெறும் வயிற்றோடு கறுப்புத் திரை முன்னால் உட்காரக் கூடாது.

முதல் தடவை: எழுதினேன், எல்லாம் நன்றாக முடிந்தது என்றது. போட்டேன். அதே வெள்ளைக் கோடு, அதே மினுக் மினுக்.

எபி வெளியே போய்விட்டான். ஜெபம் பண்ணுகிறான் என்று சத்தத்தில் தெரிந்தது.

உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தேன். நான் சி என்று அடித்த இடத்தில் உண்மையில் பென்டிரைவ் இருந்திருக்கிறது. பழுது பார்க்க உள்ளே போகும்போது எழுத்துகள் இடம் மாறிவிடுகின்றன. சி அங்கே டி. பெயரை நம்பாமல் உள்ளே திறந்து பார்த்தேன், டீச்சர் வீட்டு யானை டிசைன் டி-யில் இருந்தது. நேற்று ஒரு பெயரை நம்பிக் கெட்டது போதாதா!

டி என்று அடித்தேன். பென்டிரைவைப் பிடுங்கினேன். பட்டனை அமுக்கினேன்.

கறுப்பு. கோடு. கோடு போய்விட்டது. கறுப்பு.

அப்புறம் விண்டோஸின் நான்கு நிறமும் சுழன்று வந்தது பார், பெற்ற பிள்ளை முதன்முதலாக அழுதபோதுகூட நான் இப்படிக் கத்தவில்லை. எதிர்க் கடை டீ மாஸ்டர் கரண்டியோடு ஓடிவந்தார். எபி "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, திரையைப் பார்த்து, மறுபடி உட்கார்ந்து அழுதான். இந்த அழுகை வேற.

சாஃப்ட்வேரைத் திறந்தேன். சாவி எண் கேட்கவே இல்லை. தான் வேறு டிஸ்கில் இருக்கிறோம் என்றே அதற்குத் தெரியாது. நான்! நான் செய்தேன்! புத்தகம் பார்க்காமல், ஆள் கேட்காமல்.

இவர் வந்தார். பார்த்தார். "ஓடுதுல்லா? செதுக்கு பின்ன."

"செதுக்க மாட்டேன். இன்னைக்கு நகல் 2 போடுதேன். டிஸ்க் முழுசா. அதையும் மாட்டிக் கிளப்பிப் பாத்துட்டுத்தான் மரத்தத் தொடுவேன்."

"நாள் இல்லயேட்டி."

"ஒரே ஒரு டிஸ்க்க வச்சுக்கிட்டு இனிமே ஒரு கோடு போட மாட்டேன்."

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கூடவே உட்கார்ந்தார். எதையும் கேட்காமல், சாயந்தரம் வரை. காப்பி ஆச்சா என்றுகூடக் கேட்கவில்லை.

புது டிஸ்க், ஒரு துண்டு விடாமல். எதில் இருந்து எதற்கு என்று நானும் எபியும் டிஸ்க் இரண்டையும் விரலால் தொட்டு, வாய்விட்டுச் சொல்லி, அப்புறம் அமுக்கினோம். மாட்டினேன். முதல் அமுக்கிலேயே கிளம்பியது.

நகல் 2 மெஷினுக்கு. நகல் 1 வீட்டில், அரிசி டப்பாவுக்குள். ஈரம் ஏறாது.

இனிமேல் செட்டில் சட்டம்:
அசல் என்ற சொல்லே கிடையாது.
மாட்டிக் கிளப்பிப் பார்க்காத நகல் நகல் இல்லை.
எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டும்.


அக். 28, செவ்வாய்

வெயிலும் தூறலும் மாறி மாறி.

தும்பிக்கை.

மரம் ஒரு வாரமாக மேசையிலேயே கிடக்கிறது. ஈரக் காற்றில் கொஞ்சம் ஊதியிருக்கலாம். மெஷின் புறப்படும் புள்ளி நினைவில் இருக்கிறது என்கிறது திரை. திரை சொன்னால் போதுமா. பிட்டை மரத்துக்கு ஒரு விரல் மேலே தூக்கி வைத்து, காற்றிலேயே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தோம். எபி கீழே குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு. காதின் ஓரத்துக்கு நேராக வந்தது. கண்ணுக்கு நேராக வந்தது.

"இறக்கட்டுமாக்கா?"

"இறக்கு."

தூள் பறந்தது. நான் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டேன். மெஷின் நின்ற பிறகு எபி தூசியை ஊதிவிட்டு விரலால் தடவினான். பழைய வெட்டும் புது வெட்டும் சேருகிற இடத்தைத் தேடித் தேடித் தடவினான்.

"அக்கா, எங்கன சேத்துருக்குன்னே தெரியல."

நானும் தடவிப் பார்த்தேன். தெரியவில்லை. முழு யானை.

மத்தியானத்துக்கு மேல் பக்கச் சட்டங்கள் இரண்டும் தொடக்கம். செட் முழுக்கத் தேக்கு வாசனை. நான் பாட்டுப் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன், இவர் சொல்லித்தான் தெரிந்தது.


அக். 29, புதன்

பக்கச் சட்டம் முடிந்தது. உப்புத்தாள் போட்டு, எண்ணெய் தடவி, தார்ப்பாய் சுற்றி, மினி லாரியில். டிரைவரிடம் பள்ளம் பார்த்து ஓட்டச் சொன்னேன். "யானைதானே அக்கா, நடந்தே போயிரும்" என்றான் அவன்.

லாரி கிளம்பும்போது பெரியத்தான் பைக்கில் எதிரே வந்தார். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடும்? எனக்குப் பொறுக்கவில்லைதான். ஆனால் பசித்தது. ஒரு வாரத்துக்கு அப்புறம் நன்றாகச் சாப்பிட்டேன். கருவாட்டுக் குழம்பு.

காப்பித்தூள் வாங்கியாச்சு.


அக். 30, வியாழன்

நிலை வைப்பு. மழை இல்லை. மலை தெளிவாகத் தெரிந்தது.

பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு போனேன். எபியும் வெள்ளைச் சட்டை. நிலைக்கு மஞ்சள் குங்குமம், மாவிலை, மேலே மஞ்சள் துணி முடிச்சு. அடியில் போட வேண்டியதை டீச்சர் தன் கையால் போட்டார்கள். நாலு பேர் தூக்கி நிறுத்தினார்கள். கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு யானைகளைப் பார்த்தார்கள். வலது. இடது. மறுபடி வலது. அப்புறம் கும்பிட்டார்கள். இரண்டையும் சேர்த்து. என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார்கள்.

வந்திருந்த ஒரு அம்மா: "இது எங்கன செஞ்சது? எங்க மக வீட்டுக்கும் வேணும்." எபி நான் வாய் திறப்பதற்குள் செட்டுக்கு வழி சொல்லிவிட்டான்.

டிபன் பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் பெரியத்தான். பொங்கலில் கை வைத்தபோது அவருக்குப் போன். இடது கையால் எடுத்து, இலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சொல்லும் அண்ணாச்சி... எலுமிச்சைக்கா... இல்ல, வேற எங்கயாவது பாரும். இல்லவே, செட்டு கெடையாது. அங்கன மெஷின் ஓடுதுல்லா."

போனை வைத்துவிட்டு வடையைப் பிட்டார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

பரிமாறுகிறவரை நிறுத்தி இன்னொரு கரண்டி கேசரி கேட்டு வாங்கினேன்.